கண்ணில் வெள்ளம் வடிகிறது, ஆனாலும் கண் வறண்டிருக்கிறது

“கண்ணுல வெள்ளமா வடியுது, நீங்க வறட்சின்னு சொல்லுதியளே டாக்டரே?”

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் என் சித்தி கண் டாக்டரிடம் கேட்ட கேள்வி இது. குமரி மாவட்டத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். அரைநாளில் முந்தானை நனைந்துவிடும் அளவுக்குக் கண்ணீர் வழிகிற ஒருத்தியிடம் ‘உங்களுக்குக் கண் வறட்சி’ என்று சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? சித்தி நம்பவில்லை. வாங்கிய மருந்தை ஒரு வாரம் பிரிக்காமலே வைத்திருந்தாள். அந்தக் கேள்விக்கு அவளுக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்லத்தான் நான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணீர் என்றால் என்ன என்று பார்ப்போம். அழும்போது கன்னத்தில் வழிவது அதில் ஒரு வகை மட்டும்தான். அழாத நேரத்திலும் விழியின் மேல் மெல்லிய ஒரு கண்ணீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 300-ல் ஒரு பங்கு. அந்தப் படலத்தில் மூன்று பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. விழியோடு ஒட்டியிருக்கும் அடிப்பகுதி வழவழப்பான சளிப்பொருள். தண்ணீர் உருண்டு ஓடிவிடாமல் விழி முழுக்கப் பரவ வைப்பது அதுதான். நடுவில் இருப்பது தண்ணீர். புருவத்துக்குக் கீழே, மேல் இமைக்குள் வெளி ஓரமாக இருக்கும் கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து வருகிறது. மேலே மூடியிருப்பது எண்ணெய்.

அந்த எண்ணெய்தான் இந்தக் கதையின் முக்கியமான பாத்திரம். இமை விளிம்பில், முடிகள் முளைக்கும் வரிசைக்குச் சற்று உட்புறமாக, ஊசி முனை அளவு வாய்கள் வரிசையாக இருக்கின்றன. மேல் இமையில் சுமார் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30. ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவர் 1666-ல் இவற்றை விவரித்து எழுதினார். அவர் பெயரிலேயே மைபோமியன் சுரப்பிகள் என்று இன்றும் அழைக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இவற்றிலிருந்து துளித் துளியாக எண்ணெய் வந்து தண்ணீரின் மேல் பரவுகிறது.

எண்ணெய் எதற்கு என்று சித்தி கேட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய மீன்குழம்பைக் காட்டினேன். மேலே எண்ணெய் படர்ந்து நிற்கிற குழம்பில் ஆவி அவ்வளவாக எழும்பாது. ஆறிவிட்டது என்று நினைத்து வாயில் வைத்தால் நாக்கு வெந்துவிடும். எண்ணெய் ஆவியை அடைத்து வைக்கிறது. கண்ணிலும் அப்படித்தான். அந்தப் படை சரியில்லையென்றால், அடியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அது சில விநாடிகளில் காய்ந்துபோகும். காய்ந்த இடத்தில் கருவிழி திறந்த வெளியில் நிற்கும். கருவிழியில் தோலைவிடப் பல நூறு மடங்கு நெருக்கமாக நரம்பு முனைகள் உண்டு. அவை உடனே அலறுகின்றன. அந்த அலறலைக் கேட்டுக் கண்ணீர்ச் சுரப்பி அவசர அவசரமாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. கொட்டுகிற தண்ணீர் எண்ணெய் இல்லாத வெறும் தண்ணீர். அதனால் நிற்காமல் கன்னத்தில் வழிகிறது, மறுபடி கண் காய்கிறது. சித்தியின் முந்தானை நனைந்தது இப்படித்தான்.

ஆக, கண் வறட்சிக்காரர்களில் பலருக்குத் தண்ணீர் சுரப்பதில் குறையே இல்லை. சுரக்கும் தண்ணீர் கண்ணில் தங்குவதில்லை. தண்ணீரே குறைவாகச் சுரக்கும் வகையும் உண்டு, இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. ஆனால் எண்ணெய்க் குறைபாடு எதில் வேண்டுமானாலும் கலந்திருக்கும் என்பதால், இமையைக் கவனிக்காமல் சொட்டு மருந்தை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

கண் காய்வதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. சாமித்தோப்பு, புத்தளம் பக்கம் அளத்தில் பாத்தி கட்டிக் கடல் தண்ணீரைக் காயவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஆவியாக ஆவியாக மிச்சம் இருப்பதில் உப்பு ஏறும். கண்ணீரிலும் உப்பு உண்டு. தண்ணீர் காயும்போது மிச்சக் கண்ணீர் உவர்ப்பாகிறது. அந்த உவர்ப்பு விழியின் மேல்தோல் செல்களைக் கெடுக்கிறது, அழற்சி உண்டாகிறது; அழற்சியால் சளிப்பொருள் சுரக்கும் செல்கள் குறைகின்றன; படலம் இன்னும் சீக்கிரம் உடைகிறது. உலக அளவில் கண் மருத்துவ வல்லுநர்கள் கூடி 2017-ல் வெளியிட்ட அறிக்கையும் இந்தச் சுழலைத்தான் நோயின் மையமாக வைத்தது. பல வருடம் கவனிக்காமல் விட்டவர்களுக்கு ஒரு பாட்டில் மருந்தில் குணம் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

எப்படித் தெரிந்துகொள்வது? ‘மண்ணு விழுந்த மாதிரி கரகரன்னு இருக்கு’ என்பதுதான் பெரும்பாலும் முதல் புகார். அப்புறம் எரிச்சல், சிவப்பு, நூல் மாதிரி வரும் பீளை, மாலையாக ஆக இமை கனப்பது. இன்னொரு அடையாளம் பலருக்குத் தெரியாது. பைபிளோ செய்தித்தாளோ வாசிக்கும்போது நாலைந்து வரி கழித்து எழுத்து கலங்கும், இரண்டு முறை சிமிட்டினால் தெளியும், மறுபடி கலங்கும். வெளிச்சம் கண்ணுக்குள் நுழையும் முதல் பரப்பே கண்ணீர்ப் படலம்தான். அது உடைந்தால் பார்வையும் உடைகிறது. கண்ணாடியின் பவரை மாற்றி மாற்றிப் போட்டும் சரியாகவில்லை என்பவர்களில் சிலருக்குப் பிரச்சினை இங்கே இருக்கக்கூடும். அரிப்புதான் எல்லாவற்றையும் விட அதிகம் என்றால் அது அலர்ஜியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒன்றாக இருப்பவர்களும் உண்டு.

சரி, இரண்டு பருவமழையும் கிடைக்கிற, குளமும் கடலும் சூழ்ந்த நம் ஊரில் கண் எப்படி வறளும்? காற்றில் ஈரம் இருப்பது கண்ணுக்கு நல்லதுதான். ஆனால் ஈரத்தைத் தோற்கடிக்கிற பல விஷயங்கள் இங்கே இருக்கின்றன.

முதலாவது காற்றே. தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் மேற்குப் பகுதி அளவுக்கு மழையும் கிடையாது. ஆனி, ஆடியில் அந்தச் சாலையில் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு பைக் ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். நேராக முகத்தில் அடிக்கிற காற்று கண்ணீர்ப் படலத்தைக் காயவைக்கும், மணலும் சேர்ந்து வரும். கண்ணாடியை இறக்கிவிடுவதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு வெயில், காற்று, உப்பு மூன்றும் சேர்ந்து கிடைக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் தண்ணீரில் பட்டுத் திரும்பியும் கண்ணைத் தாக்குகிறது. பல வருடம் இப்படிப் போனால் மூக்கு ஓரத்திலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாகச் சதை வளரும். சதை மேடாக இருக்கும் இடத்தில் கண்ணீர் சீராகப் பரவாது, வறட்சியும் கூட வரும். பக்கவாட்டையும் மறைக்கிற கறுப்புக் கண்ணாடியும் விளிம்புள்ள தொப்பியும் கடலில் அலங்காரப் பொருள் அல்ல. வலையையும் எஞ்சினையும் போலவே அவையும் தொழில் சாமான்தான்.

மேற்கே போனால் புகை. சித்தி இருபது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை பார்த்தவள். முந்திரிக் கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் பொத்துப்போகச் செய்யும்; கொட்டையை வறுக்கும்போது எழும் புகை கண்ணைக் கரிக்கும். அந்தக் கையால் கண்ணைத் துடைத்தால் இன்னும் மோசம். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் புகைப்புரையிலும், பனங்காட்டில் அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சும் அடுப்படியிலும் இதே கதைதான். இந்த வேலைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கண் எரிச்சலை நோயாக எண்ணுவதில்லை, வேலையின் ஒரு பகுதியாகவே நினைத்துவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிடோ, பால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோ, அக்கானிக் கலயத்தில் தடவும் சுண்ணாம்போ கண்ணில் பட்டால் அது வறட்சியோ எரிச்சலோ அல்ல, அவசரம். அந்த நொடியே இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கிடைக்கிற சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்புத் துணுக்கு இமைக்குள் ஒட்டியிருந்தால் துணி முனையால் எடுத்துவிட்டுக் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இளையவர்களுக்கு வருவோம். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். போனையோ கம்ப்யூட்டரையோ உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சிமிட்டினாலும் பாதி மூடித் திறக்கிறோம். மேல் இமை கீழ் இமையைத் தொடுவதே இல்லை. இமைகள் ஒன்றையொன்று தொட்டு அழுத்தினால்தான் எண்ணெய் வெளியே வரும். அப்படி வராமல் பல மாதங்கள் தேங்கினால் அது கெட்டியாகி, சுரப்பியின் வாயை அடைத்துவிடும். நீண்ட காலம் அடைபட்ட சுரப்பி சுருங்கி அழிந்தும் போகலாம். அழிந்தது திரும்ப முளைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் கையில் போன் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கும்போது, இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இரவு பகலாக ஏசி, வெளியே வந்தால் தூசிக் காற்று. நாகர்கோவில் ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை ஏசியில் நிற்கும் பிள்ளைகளும் கிட்டத்தட்ட அதே நிலைமையில்தான். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடுகிறது.

வெளியில் இருக்கும் காரணங்கள் இவை. உடம்புக்குள் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது ஏற ஏற வறட்சி கூடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் அதிகம். சுகர் கருவிழியின் நரம்பை மரக்க வைத்துக் கண்ணீரைக் குறைக்கும். தைராய்டு கோளாறில் விழி துருத்திக்கொண்டு இமை முழுசாக மூடாமல் போகலாம். அலர்ஜிக்கும் சளிக்கும் போடும் செட்ரிசின் வகை மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், வருடக்கணக்கில் விடும் கண் அழுத்தச் சொட்டு மருந்துகள் எல்லாமே கண்ணை உலர்த்தக்கூடியவை. அதற்காக எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் போதும்.

கண்ணோடு சேர்ந்து வாயும் வறண்டு, தண்ணீர் குடிக்காமல் ஒரு வாய் மரச்சீனிக் கிழங்குகூட (மரவள்ளி) இறங்கவில்லை, விரல் மூட்டும் வலிக்கிறது என்றால் அது ஷோகிரென் நோயாக இருக்கலாம். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் 1933-ல் விரிவாக எழுதியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சுரப்பிகளையே தாக்குகிறது. இந்த நோய் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். இதற்குக் கண் டாக்டர் மட்டும் போதாது, வாத நோய் மருத்துவரும் பார்க்க வேண்டும்.

சித்திக்கு எடுத்த பரிசோதனைகள் எளிமையானவை. ஒரு சிறு தாள் பட்டையின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் தொங்கவிட்டு 5 நிமிடம் விட்டார்கள். அதில் ஈரம் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்ப்பது அது. 10 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பொதுவாகப் போதுமானது, 5-க்குக் கீழே என்றால் தண்ணீர் குறைவு. சித்திக்கு 14. அடுத்து மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில், சிமிட்டாமல் இருக்கச் சொன்னார்கள். படலம் எத்தனை விநாடியில் உடைந்து கறுப்புத் திட்டு விழுகிறது என்பது கணக்கு. 10 விநாடிக்குக் குறைந்தால் சரியில்லை. சித்திக்கு 4. தண்ணீர் நிறைய இருக்கிறது, நிற்கத்தான் இல்லை. அவள் கேள்விக்கு அந்த இரண்டு எண்களும்தான் பதில்.

இனி கவனிப்பு. குளிர்ந்த காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடந்தால் என்ன செய்வோம்? வெயிலில் வைப்போம், இல்லையென்றால் சுடுதண்ணீரில் நிறுத்துவோம். இமைக்குள் கெட்டியான எண்ணெய்க்கும் அதே வைத்தியம்தான். சுத்தமான துணியைத் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமையின் மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி நனைக்க வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் விரல் நுனியால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், விளிம்பை நோக்கி மெல்ல நீவிவிட வேண்டும். விழியை அமுக்கக் கூடாது. கடைசியாக, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் இமை முடிகளின் அடியைத் துடைக்க வேண்டும். மை எழுதுபவர்கள் இமைக்கு உள் விளிம்பில் இழுக்காமல் இருப்பது நல்லது. எண்ணெய் வரும் வாயையே மை அடைக்கும். காலையும் இரவும், வாரக்கணக்கில் இதைச் செய்ய வேண்டும். மூன்று நாளில் பலன் தெரியவில்லை என்று நிறுத்தினால் அந்த மூன்று நாளும் வீண்தான்.

போன் பார்ப்பவர்கள் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்வது வழக்கம். அதோடு நான் ஒன்று சேர்ப்பேன்: அந்த 20 விநாடியில் ஐந்தாறு முறை கண்ணை முழுசாக மூடி, மெல்ல அழுத்தித் திறங்கள். திரை கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். கீழே பார்க்கும்போது இமை பாதி இறங்கியிருக்கும், காற்றுபடும் பரப்பு குறையும். மல்லாந்து படுத்து போனை முகத்துக்கு மேலே பிடிப்பது இதற்கு நேர் எதிர். டேபிள் ஃபேன் முகத்துக்கு நேராகச் சுற்றவும் வேண்டாம்.

சொட்டு மருந்தைப் பொறுத்தவரை, கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹயலுரோனேட் என்ற பெயர்களில் வருபவை செயற்கைக் கண்ணீர். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால், பாக்டீரியா வளராமல் தடுக்கும் பொருள் கலக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். பென்சல்கோனியம் குளோரைடு போன்ற அந்தப் பொருள் அடிக்கடி பட்டால் விழியின் மேல்தோலையே அரிக்கும். ஒரு சொட்டு போதும். கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீரின் அளவைப் போலப் பல மடங்கு அந்த ஒரு சொட்டிலேயே இருக்கிறது. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். வேறு மருந்தும் விட வேண்டுமானால் 5 நிமிடம் இடைவெளி வேண்டும். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. திறந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதி, பொதுவாக ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஒரு வீட்டில் நாலு பேர் ஒரே பாட்டிலைப் பயன்படுத்துவதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

இப்போது எனக்குக் கோபம் வரும் இடம். டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு வருடமாக சித்தி ஒரு மெடிக்கல் ஸ்டோரில் ‘கண்ணு சிவந்ததுக்கு மருந்து’ என்று கேட்டு வாங்கிய சொட்டு மருந்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. விட்டதும் சிவப்பு போகும், சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் ஆபத்து. டாக்டர் பார்வையில் குறுகிய காலத்துக்குப் பயன்படுத்தினால் ஸ்டீராய்டு நல்ல மருந்து. கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு சாகும்; புரையும் சீக்கிரம் விழும். போன பார்வை திரும்பாது. சித்திக்கு அழுத்தம் சற்று ஏறியிருந்தது, நல்லவேளை நரம்பு தப்பியது. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் உறையில் சிவப்புக் கோடு இருக்கும். கண்ணுக்கு வாங்கும் எதிலும் அந்தக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், தேன், பன்னீர் என்று பாட்டிமார் சொல்லும் வைத்தியங்கள் எல்லாம் பாசத்தில் வருபவை, எனக்குத் தெரியும். ஆனால் ஏற்கெனவே காய்ந்து மேல்தோல் உரிந்திருக்கும் கருவிழியில் கிருமியுள்ள எதையும் ஊற்றினால் புண்ணாகிவிடும். செடியிலிருந்து வரும் பூஞ்சைத் தொற்று ஆறுவது மிகக் கடினம். கருவிழி வெளுத்துப் பார்வை போனவர்கள் உண்டு. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2018-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 535 பேருக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே வறட்சிக்காக அந்த மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் காசுக்குச் சாளையும் அயிலையும் வாங்கிக் குழம்பு வையுங்கள். உடம்புக்கு நல்லது, கண்ணுக்கு என்று தனியாக எதிர்பார்க்க வேண்டாம்.

இதிலெல்லாம் அடங்காதவர்களுக்கு அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து இருக்கிறது. ஆரம்பத்தில் எரியும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். தண்ணீர் உண்மையிலேயே குறைவானவர்களுக்கு, கண்ணீர் மூக்குக்குள் வடியும் சிறு துவாரத்தைச் சின்ன அடைப்பானால் மூடுவதும் உண்டு. மடையை அடைத்துக் குளத்தில் தண்ணீரை நிறுத்துவது மாதிரிதான்.

வலி குத்தலாக இருந்தாலோ, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றாலோ, சிமிட்டியும் தெளியாமல் பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கண் பிரிவு இருக்கிறது. போகும்போது தினம் போடும் மாத்திரைகளின் அட்டைகளையும், இதுவரை கண்ணில் விட்ட பாட்டில்கள் அத்தனையையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். சித்தியின் பையிலிருந்த மூன்றாவது பாட்டிலைப் பார்த்த பிறகுதான் டாக்டர் அவளுக்குக் கண் அழுத்தமே பார்த்தார்.